பத்து விரல் ருசி

பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குப் பத்து விரல் நுனிகளிலும் நாக்கு முளைத்தது ஒரு புதன்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு. அப்போது அவள் வீட்டு சிங்க்கில், மாமனாரின் பல்செட் ஊறிக்கிடந்த கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடியில் படிந்திருந்த கொழகொழப்பை விரலை விட்டு வழித்தபோது அதன் ருசி தெரிந்தது. புளித்துப்போன பால், முந்தாநாள் மீன், எழுபத்தெட்டு வருஷம் பேசி ஓய்ந்த ஒரு வாயின் வெதுவெதுப்பு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அது தொண்டை வழியாக இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு, திரும்பி வந்து மீதிப் பாத்திரங்களையும் கழுவினாள். வேறு யார் கழுவுவார்கள்?

அந்த வீட்டில் அவளைத் தவிர மூன்று ஆண்கள். கணவன் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். சாப்பிடும்போது மூக்கைச் சிந்தி, அந்தக் காகிதத்தைச் சுருட்டித் தட்டிலேயே போடுவான். மென்று சாறு உறிஞ்சிய கறியைத் தட்டின் விளிம்பில் வரிசையாகத் துப்பி வைப்பான். அவனுடைய தம்பி உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். காலையில் ஆறு பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடித்துவிட்டு, குவளையை வெயில் படும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான்; சாயங்காலத்துக்குள் அது பசைபோல இறுகிக் கிடக்கும். மாமனாருக்குப் பல்செட் தம்ளர் தவிர, எச்சில் துப்ப ஒரு கிண்ணம். எல்லாம் அதே சிங்க்கில்தான் வந்து சேரும். அன்றிலிருந்து இதையெல்லாம் அவள் தினமும் இரண்டு வேளை ருசி பார்த்தாள். எந்த எச்சில் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. அதைக் கேட்க யாருக்கும் ஆசை இல்லை.

மறுநாள் அவள் கையை நீட்டியபோது, டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக, சொரசொரவென்று, ஈரமாக இருந்தன. "நாக்குதான். பத்தும் ஆரோக்கியமா இருக்கு. காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை பிரஷ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த கிளினிக்கில் பதினோரு வருஷமாகச் சீழையும் சொத்தையையும் ஊத்தை நாற்றத்தையும் பார்த்தவள் அவள். ஒருநாள்கூட அருவருத்ததில்லை. அங்கே வாயைத் திறக்கிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு திறந்தார்கள். வீட்டில் யாருக்கும் அந்தக் கூச்சம் இல்லை. அதுமட்டுமல்ல, கருவிகளைக் கழுவ டாக்டரம்மா ஒரு மெஷின் வைத்திருந்தார். அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் பேச்சை எடுத்தாள். "என்னங்க, ஒரு டிஷ்வாஷர் வாங்கிடலாம்."

"நாலு பேர் தின்ற தட்டுக்கு மெஷினா? கிளவுஸ் போட்டுக் கழுவேன்."

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளினிக்ல கிளவுஸ் ரப்பரைத்தான் சப்பிக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்தும் சப்பணுமா?"

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. இது யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்றான். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று ஆண்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். அடிப்பிடித்த சட்டியை எந்த மெஷினாலும் தேய்க்க முடியாது என்றார் மாமனார். சிங்க்குக்கு இடதுபக்கம் இருந்த ஒரே இடைவெளியில் தன்னுடைய இரும்பு எடைகளும் சத்துமாவு டப்பாக்களும் இருப்பதை நினைவூட்டினான் தம்பி. மெஷின் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும் என்றான் கணவன். அதை நிரூபிக்கவே சமையலறைக் குழாயில் ஒரு மீட்டரையும் பொருத்தினான். ஒரு வேளைப் பாத்திரம் கழுவ அவளுக்கு எண்பத்து நாலு லிட்டர் ஆனது. மெஷினுக்குப் பதினொன்று போதும் என்று கடையில் கொடுத்த தாளில் போட்டிருந்தது. மீட்டர் விஷயத்தில் அவன் நாணயமானவன், முள்ளை மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் தண்ணீரை விட்டுவிட்டு, மெஷின் போடும் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று காபிக் கோப்பை, மூன்று கேக் தட்டு. அவற்றைக் கழுவப் போகும்போது, கோப்பையின் விளிம்பைத் தொட்டதுமே அன்றைய முடிவு அவளுக்குத் தெரிந்துவிடும். தீர்மானம் எதுவும் எடுக்காத வாய்க்கு ஒரு சப்பென்ற ருசி உண்டு. இப்படியே பதினாலு மாதம் போயிற்று. அதற்குள் அவள் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். தட்டை எடுத்தாலே குமட்டியது. ஆனாலும் பதினோரு கிலோ கூடியிருந்தாள். அத்தனையும் மற்றவர்களின் மிச்சம், விரல் வழியாக ஏறியது. "இப்பத்தான் ஊட்டமா இருக்கே" என்றான் கணவன், பாராட்டாகத்தான் சொன்னான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்த ஒரு தட்டை அவள் தேய்த்தபோது ஆள்காட்டி விரலில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கொழுந்தன் சாப்பிட்டு முடித்து, கால் நகங்களை வெட்டித் தட்டிலேயே போட்டிருந்தான். பெருவிரல் நகம். அதன் இடுக்கில் இருந்த அழுக்கின் ருசி, ஊறிய ஷூவின் ருசி, பிறகு கொழுப்பின் ருசி. அவள் வாந்திகூட எடுக்கவில்லை. குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். கூடத்துக்கு வந்து, "இனிமே என்னால ஆகாது" என்றாள். டிவி ஓடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒன்பது நாள் அவள் சிங்க் பக்கம் போகவில்லை. இரண்டாம் நாள் பாத்திரங்கள் சிங்க்கை நிரப்பின, நாலாம் நாள் மேடையை, ஆறாம் நாள் தரையை. கறிச் சட்டியில் பச்சையாகப் பூஞ்சை எழும்பியது. முட்டைக் குவளைகளில் புழு நெளிந்தது. அவற்றில் சில கொழுத்து, சுவரேறி, பாதி வழியில் பிடிவிட்டு விழுந்தன. வாசல் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் கதவைச் சாத்தினார்கள். ஆண்கள் மூடிகளில் வைத்துத் தின்றார்கள், பிறகு பழைய செய்தித்தாளில், கடைசியில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பின்பக்கத்தில். "அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று தம்பி கேட்டான். "கோபம்போல" என்றார் மாமனார்.

பத்தாம் நாள் வைத்துத் தின்ன எதுவும் மிச்சமில்லை. கணவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சிங்க் முன்னால் போய் நின்றான். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டில் அவனுக்கும் முளைத்தது. முதுகு விறைத்ததிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். மறுபடி தண்ணீருக்குள் விட்டான். அப்பாவின் கிண்ணம் வந்தது, தம்பியின் குவளை வந்தது. இரண்டையும் அடையாளம் கண்டுகொண்டு, துண்டுக்குள் முனகிக்கொண்டே கழுவினான். பிறகு ஒரு ஸ்பூனை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது யாரோடது?"

"எப்படி இருக்கு?"

"எலி செத்துக் கிடந்த குழாய் மாதிரி இருக்கு. ஒருநாள் திறந்து பார்த்திருக்கேன், அதே மாதிரி."

"அது உங்க ஸ்பூன்."

அவன் ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தான். "இதையா பதினாறு வருஷமா நீ..."

"கழுவினது பதினாறு வருஷம். ருசி பார்த்தது ஒண்ணே கால் வருஷம்தான்."

அவன் சிங்க்குக்குள்ளேயே வாந்தி எடுத்தான். கழுவி வைத்தது, கழுவாதது எல்லாவற்றின் மேலும் விழுந்தது. அதையும் சேர்த்துக் கழுவ வேண்டியதாயிற்று. நாலு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு, இடதுபக்க இடைவெளியிலிருந்து இரும்பு எடைகளை ஒவ்வொன்றாக இழுத்து நடைவழியில் போட்டான். டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்தான். மெஷினுக்கு வேண்டிய அறுபது சென்டிமீட்டரும் அதற்கு மேல் ஒரு விரற்கடையும் இருந்தது.

தம்பி வந்து நின்றான். "அண்ணே, என் வெயிட்டை எங்க வைக்கிறது?"

"முதல்ல உன் குவளையை நீயே கழுவப் பழகு. அப்புறம் பேசுவோம்" என்று அண்ணன் கையை விரித்துக் காட்டினான். தம்பி அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு எடைகளைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். மாமனார் பல்செட் தம்ளரைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து தானே கழுவினார். அவர் விரலில் எதுவும் முளைக்கவில்லை. இந்த வயதில் புதிதாக என்ன முளைக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை மெஷின் வந்தது. கடை ஆள் குழாயைப் பொருத்தி, பொத்தான்களை விளக்கிச் சொன்னார். அவர் கை குலுக்க வந்தபோது கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். முதல் தடவை ஓட இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. சத்தம் பெரிதாக இல்லை. கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அவள் ஒரு தட்டை எடுத்து, பத்து விரலையும் அதன்மேல் பரப்பி வைத்தாள். மீன் இல்லை, பால் இல்லை, கணவன் இல்லை, கொழுந்தன் இல்லை. வெறும் சூடு. இன்னொரு தட்டைத் தொட்டாள், ஒரு ஸ்பூனைத் தொட்டாள், ஒரு கிண்ணத்துக்குள் விரலை விட்டுச் சுற்றினாள். எங்கேயும் ஒரு வாயும் இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. அந்தச் சூட்டோடே தட்டை மேஜைமேல் வைத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் எடுக்கும்போதே பாதி ருசி தெரிந்துவிட்டது, மீதியை வாய் பார்த்துக்கொண்டது. இரண்டாவது துண்டை அவள் மென்றுகொண்டிருக்கும்போது கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவனும் ஒன்பது நாளாகச் சரியாகத் தின்றிருக்கவில்லை. சும்மா பார்ப்பதுபோல, அவள் தட்டிலிருந்த ரொட்டியை ஒரு விரலால் தொட்டான்.

"உப்பு கம்மி" என்றான்.

"எச்சில் பண்ணாதீங்க" என்று அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் விரலை மடக்கிக்கொண்டு, தனக்கு ஒரு தட்டு எடுத்துவர எழுந்து போனான்.