வேறொரு நிஷாந்தினி

வெள்ளவத்தையில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. புடவைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு மலையகப் பெண்ணுக்கு, அதுவும் தனியாக வந்து கேட்பவளுக்கு, கதவைத் திறந்து பேசுவதே பெரிய காரியம். ஆகவே சிவானந்தன் வீட்டில் அவருடைய மனைவி மனோரஞ்சிதம் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீரும் கொடுத்தபோது நிஷாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீர் சைவம்தானே, பிள்ளை?" என்று மனோரஞ்சிதம் கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி."

சொன்ன பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். சாப்பாட்டைத்தானே கேட்டார்கள்? மீன் இல்லாமல் இருக்கலாம், அதில் என்ன கஷ்டம்? ஆனால் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். சுவரில் முருகன் படம் இருந்தது. அதன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடிவந்த அன்று அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்துச் சிலுவை கைப்பைக்குள் போயிருந்தது.

அவள் ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. வத்தளையில் தையல் தொழிற்சாலையில் இருந்தபோது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் தங்கையைப் பார்க்க வந்த மெற்றில்டா, கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் விற்பவள், இவளுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தாள். முகம் துடைத்துவிட்டாள். தலைமாட்டில் நின்று முணுமுணுவென்று செபித்தாள். குணமான பிறகு நிஷாந்தினிதான் அவளைத் தேடிப் போனாள். மாதா கோயிலுக்கும் தானாகத்தான் போனாள். மெற்றில்டா அவளுக்கு ஞானத்தாயானாள்.

செய்தியைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நேரிலேயே சொன்னாள். "நான் செத்தாலும் நீ வந்து நிக்காத" என்றாள் அம்மா ஆறாயி. நிஷாந்தினி அழுதாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அவ்வளவு பெரிய மலையைத் தாண்டியவள் ஓர் அறைக்காக வாசற்படியில் தடுக்கி விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதும் நின்றது. பொட்டோடு எப்படிக் கோயிலுக்குப் போவது, சிலுவையோடு எப்படி வீட்டுக்குத் திரும்புவது? அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே போனாள்.

கடை விடுமுறையான ஒரு பௌர்ணமிப் போயா நாள் மத்தியானம், மனோரஞ்சிதம் கீழேயிருந்து கூப்பிட்டார். "பிள்ளை, உம்மைத் தேடி ஆரோ வந்திருக்கினம்."

கேற்றடியில் மெற்றில்டா நின்றாள். கோயிலுக்கு உடுத்தும் சேலை, கழுத்தில் செபமாலை, கையில் ஒரு பார்சல். பொரித்த மீனின் வாசனை வாசல்வரைக்கும் வந்தது. வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை. நிஷாந்தினியைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. வாயைத் திறக்கப்போனாள்.

"எனக்கு இவங்கள தெரியாதுங்க ஆன்ட்டி" என்றாள் நிஷாந்தினி.

அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது.

மெற்றில்டா அவளைப் பார்த்தாள். நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். உள்ளே தெரிந்த முருகன் படத்தையும் பார்த்தாள். பிறகு பார்சலைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு மனோரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஓம் ஓம், இவ இல்ல. நான் தேடி வந்தது வேற நிஷாந்தினி. வீடு மாறிப் போச்சு. கோபிக்காதீங்க, மிஸ்."

திரும்பி நடந்தாள். ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

"பாவம், ஆரைத் தேடி வந்த மனிசியோ" என்றார் மனோரஞ்சிதம். "இந்த வெயிலில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் உடனே வாயில வரேல்ல."

நிஷாந்தினி மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே" என்று தொடங்கியதும் உடம்பெல்லாம் கூசியது. யாரைக் கூப்பிடுகிறாய், உனக்குத்தான் தெரியாதே என்று யாரோ கேட்பதுபோல் இருந்தது. எழுந்துவிட்டாள். அம்மாவிடம் திட்டு வாங்கிய அன்றுகூட அவள் தனியாக இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆண்டவர் இருப்பதுபோலத்தான் அழுதுகொண்டு வந்தாள். இன்றைக்கு அழவும் தகுதி இல்லாததுபோல் இருந்தது.

மறுநாள் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போனாள். மெற்றில்டா பேலியகொடை மொத்தச் சந்தையிலிருந்து எடுத்துவந்த மீன்களைப் பலகையில் வெட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கத்தி ஒரு கணம் நின்றது.

"என்ன வேணும்? சாளையா, சூரையா?"

வாங்க வந்த யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நிஷாந்தினிக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. ஓரமாக நின்றாள். ஆட்கள் வந்து போனார்கள். செதில் தெறித்துச் சட்டையில் ஒட்டியது. கூட்டம் குறைந்த பிறகுதான் மெற்றில்டா கையைக் கழுவினாள்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"கோபம் இருக்கு மகள். இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். பஸ்ஸில அழுதுகொண்டு போனன்."

"என்னால செபிக்கவும் முடியல. கூப்பிடவே வெக்கமா இருக்கு. இனிமே அவரு என் பக்கம் வருவாருன்னு எனக்குத் தோணல."

மெற்றில்டா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஆஸ்பத்திரியில நீ கூப்பிட்டதாலயா அவர் வந்தவர்? அவர் பேர்கூட உனக்குத் தெரியாதே அப்ப."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த ஆள் வந்து மீன் விலை கேட்டான்.

நிஷாந்தினி வெள்ளவத்தைக்குத் திரும்பினாள். மனோரஞ்சிதம் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தால் இன்றைக்கும் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் கிறிஸ்தவள் என்பதை. நேற்று வந்தவர் தன்னுடைய ஞானத்தாய் என்பதை.

மனோரஞ்சிதம் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமலே நின்றார்.

"நீர் வேதக்காரியெண்டு முதலே சொல்லியிருந்தா அறை தந்திருப்பனோ தெரியாது. தந்திருக்க மாட்டன்தான். அது என்ர குறை" என்றார் மெதுவாக. "ஆனா என்ர வாசலில வச்சு ஒரு தாயைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டீர். நானும் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கும் அதில பங்கு வந்திட்டுது, பிள்ளை."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

"மாத முடிவோட வேற இடம் பாரும். கோபத்தில சொல்லேல்ல. இனி உம்மட முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

நிஷாந்தினி தலையாட்டினாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெட்கம் குறையவில்லை, இரண்டு பேரிடம் வாய்விட்டுச் சொன்னதில் அது இன்னும் கனத்ததுபோலத்தான் இருந்தது.

அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே போவது? வத்தளையில் பழைய தோழிகள் இருக்கலாம். முகத்துவாரத்தில் மெற்றில்டாவின் தங்கை வீட்டில் இடம் கேட்கலாம், கேட்க முகம் இருந்தால். ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தவள், சற்று நேரத்துக்குப் பிறகுதான் கவனித்தாள், தான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருப்பதை.

"எங்க போறதுன்னு தெரியலையே. நான் பண்ணது உங்களுக்குத் தெரியும். மெற்றில்டா அக்கா முகத்தில எப்படி முழிப்பேன்? நீங்களும் கூட வாங்க."

முழங்காலில் நிற்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டிருந்தாள். தலையைக் குனிந்தபடியே, அழுகையோடு, இன்னும் கொஞ்சம் பேசினாள்.