மதகடியில் நின்ற பெடியள்

விசாரணைக்குழு கண்டிக்கு வருகிறது என்ற கடிதம் கிடைத்த நாளிலிருந்து திரேசாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம்தான். பதினெட்டு வருசமாகத் திரும்பியும் பாராதவர்களுக்கு இப்போது என்ன திடீர்க் கரிசனை? விசாரணை மண்டபத்து வாசலில் பெயர் பதிந்த பெண் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாள். அதுகூடப் பிடிக்கவில்லை. தேத்தண்ணியைத் தந்து வாயைக் கிளறப் பார்க்கிறார்களாக்கும்!

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய மகன் டிலக்சனையும் கூட நின்ற மூன்று பேரையும் ஆமி சுட்ட அன்று, 'நான்கு பயங்கரவாதிகள் பலி' என்று அறிக்கை விட்டார்கள். அது பொய், என் பிள்ளை பள்ளிக்கூடம் போனவன் என்று எழுத்தில் வரவேண்டும்.

மகனை யாழ்ப்பாணத்தில் அடக்கம் செய்துவிட்டுக் கண்டிக்கு வந்தவள், கன்னியர் மடத்து விடுதியில் சமைக்கிறாள். சந்தையிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசியே சிங்களம் நன்றாக வந்துவிட்டது. சிங்கள எழுத்துத்தான் ஒன்றும் தெரியாது. ஆனால் குழுவுக்கு, 'சிங்களம் விளங்காது, மொழிபெயர்ப்பாளர் வேணும்' என்று எழுதிக் கொடுத்தாள். தனக்கு முன்னால் என்னதான் கதைக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே!

மொழிபெயர்க்க வந்தவர் வீரசிங்கம். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர், ஐம்பது வயதிருக்கும்.

"பயப்படாம சொல்லுங்கம்மா," என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்புக்கு எவ்வளவு சம்பளமோ என்று நினைத்துக்கொண்டு திரேசா தொடங்கினாள்.

"பின்னேரம் ரியூசன் முடிஞ்சு பெடியள் நாலு பேரும் மதகடியில நிண்டவை. ஆமி வந்து ஒண்டும் கேக்காமல் சுட்டவங்கள். அதில ஒருத்தன் என்ர மகன்."

வீரசிங்கம் குழுத் தலைவரின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார். "கொட்டி ஹதர தெனெக்..."

கொட்டி! நாலு புலிகளாம்!

"கொட்டி நெவெய் மாத்தயா! இஸ்கோலே லமய்!" என்று திரேசா சிங்களத்திலேயே கத்தினாள். புலிகள் இல்லை ஐயா, பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

ஆமிக்காரரின் சட்டத்தரணி மெல்ல எழும்பினார். சாட்சிக்குச் சிங்களம் தெரிந்திருக்கிறது, குழுவிடம் பொய் சொல்லியிருக்கிறார், முதலில் புலிகள் என்றவர் இப்போது மாற்றுகிறார், இரண்டையும் பதியுங்கள் என்றார். தலைவரும் சரி என்று தலையாட்டினார். தான் வெட்டிய குழியில் தானே விழுந்துவிட்டாள் திரேசா.

"நீர் ஆற்ற ஆள்?" என்று வீரசிங்கத்தைப் பார்த்துச் சீறினாள்.

"ஐயோ, யாரோட ஆளும் இல்லீங்கம்மா. போன மாசம் வடக்குல சாட்சி சொன்னவங்க எல்லாம் பெடியள்னா புலி இயக்கம்னுதான் சொன்னாங்க. நாங்க பையன்கன்னுதானே சொல்லுவோம்."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அந்தக் காலத்தில் இயக்கக்காரரைக் குறித்துக் குரலைத் தாழ்த்தி 'பெடியள் வந்தவை' என்று அவளும்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் மகனும் பெடியன்தானே! பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள்?

வீரசிங்கம் எழுந்து நின்று, தவறு தன்னுடையது, சாட்சி எதையும் மாற்றவில்லை என்று தலைவரிடம் சொன்னார். அப்படியே பதியச் சொன்னார் தலைவர்.

சாட்சியத்தாள் வந்தது. முழுக்கச் சிங்களம். வீரசிங்கம் வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். கேட்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் உள்ளதைத்தான் வாசிக்கிறாரா? யார் கண்டது?

"பேனையைத் தாரும்."

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே தமிழில் எழுதினாள்: டிலக்சன். வயது பதினாலு. ஒன்பதாம் ஆண்டு. என் மகன். புலியில்லை.

"அம்மா, அதுல எழுதக் கூடாதுங்க."

"அப்ப கிழிச்செறியச் சொல்லும். எல்லாருக்கும் முன்னால கிழிக்கட்டும்."

ஒருவரும் கிழிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தலைவர் கேட்டார். வீரசிங்கம் சொல் சொல்லாகச் சொன்னார். திரேசா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மகே புதா, என் மகன் என்ற இடத்தில் அவருடைய குரல் தடுமாறியது. ஒரு சொல்லும் பிசகவில்லை.

திரேசா கையெழுத்துப் போட்டாள். பிரதியைத் தபாலில் அனுப்புவோம், போகலாம் என்றார் தலைவர்.

அவள் கதிரையை விட்டு அசையவில்லை.

"தபால் வேண்டாம் எண்டு சொல்லும்," என்றாள் வீரசிங்கத்திடம். "இப்பவே தரட்டும். நான் இருக்கிறன்."