குடம் கவிழ்த்தவன்

முள்ளிப்பட்டு ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு எகிப்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் பிரிஸில்லா டீச்சர். பிரமிடும் மம்மியும் முடிந்து, பழைய கல்லறை ஒன்றின் சுவரோவியத்தைக் கைப்பேசியில் காட்டினாள். பலகைமேல் மலைபோல ஒரு சிலை. வரிசை வரிசையாக ஆட்கள் அதைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் மட்டும் முன்னால் குடத்தைக் கவிழ்க்கிறான்.

“அவரு இன்னாத்துக்கு டீச்சர் தண்ணி ஊத்திகினு கீறாரு?” என்றாள் துர்கா.

“பூஜையா இருக்கும்.”

“பூஜைன்னா ஜல்தியா முடிச்சிட்டு அப்புறம் இழுக்கலாமே!”

பிரிஸில்லாவுக்குச் சுருக்கென்றது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டாள். மாலையில் தேடிப் படித்தாள். நனைந்த மணலில் பாரம் எளிதாக நகரும் என்றிருந்தது. அதைப் போய் அப்படியே ஒப்பிக்க மனம் வரவில்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் இனி வாய் திறப்பது என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லை, சமையல்கார முனியம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உடைந்த பெஞ்சுப் பலகைமேல் ஏற்றிக் கட்டினாள். கட்டட வேலைக்கு வந்திறங்கிய மணலைப் பிள்ளைகள் வாரிப் பரப்பினார்கள்.

தலைமையாசிரியர் ஜெகநாதன் வெளியே வந்தார். “பாடத்துல இல்லாததுக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு?”

“அரை மணி நேரம் குடுங்க சார்.”

டீச்சரும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர் இழுத்தார்கள். பலகை மணலை முன்னால் குவித்துக்கொண்டு நின்றுவிட்டது. உதயா ஆர்வத்தில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே சாய்த்தான். மணல் சேறானது, பலகை இன்னும் புதைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எடுத்துடலாம்மா,” என்றாள் முனியம்மா மெதுவாக.

“இல்லக்கா. இன்னொரு வாட்டி.”

கயிறு உரசிய உள்ளங்கை எரிந்தது. பிரிஸில்லா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றைத் தானே வாரி ஒதுக்கி, புது மணலைப் பரப்பினாள். துர்கா கையில் குவளையைக் கொடுத்தாள். “கொஞ்சமா தெளி. கையில புடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், அவ்ளோதான்.”

துர்கா பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தெளித்தாள்.

“இழுங்க!”

பலகை சட்டென்று கிளம்பியதில் முன்னால் நின்ற இருவர் விழுந்தே போனார்கள். மற்றவர்கள் நிற்கவில்லை. ஆட்டுக்கல் மணல் முடியும் இடம்வரை போய்த்தான் ஓய்ந்தது.

“நேத்து நான் சொன்னது தப்பு,” என்றாள் பிரிஸில்லா எல்லாருக்கும் கேட்கும்படி. “அது பூஜையில்ல. வேலை.”

“சரிம்மா, கல்ல யாரு திரும்பக் கொண்டுபோறது?” என்றார் ஜெகநாதன்.

பிள்ளைகள் அதற்குள் கயிற்றைப் பலகையின் மறுபக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.