கோத்து வைத்த வளையங்கள்

நாகேஷ் மேல்தான் சந்தேகம். வேறு யார் மேல் வரும்? பெங்களூரின் அந்த மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் எலியின் தமனியை எடுத்து, வளையம் வளையமாக வெட்டிக் கொடுக்கும் டெக்னீஷியன் அவன் ஒருவன்தான். அதைக் கொக்கியில் மாட்டி, மருந்து விட்டு, அதன் இழுப்பைக் காகிதத்தில் பதியும் கருவியின் பேனா வரையும் கோட்டைப் பார்ப்பது ஆராய்ச்சி மாணவி சங்கமித்ராவின் வேலை. 1996-ல் அவளுக்கு அதுதான் உலகம்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. முதல் மருந்துக்குத் தமனி இறுகும், பேனா ஏறும். அடுத்து அசிட்டைல்கோலின் விட்டால், அது குழாயின் உள்ளே ஒற்றை செல் கனத்தில் ஒட்டியிருக்கும் படலத்தின் ஏற்பிகளில் போய் உட்காரும், படலம் தசையைத் தளரச் சொல்லும், பேனா இறங்கும். படலம் உரிந்துபோனால் சொல்ல ஆளில்லை. மருந்து நேரே தசையின் ஏற்பிகளைப் பிடிக்கும். பேனா இறங்காது, இன்னும் கொஞ்சம் ஏறவும் செய்யும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு வளையம் அப்படி ஏறித் தொலைத்தது. ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் முந்தின நாள்தான் தாமதமாக வந்ததற்காக நாகேஷை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தாள். பழிவாங்குகிறான், நல்ல வளையத்தைப் பக்கத்து மேசை மாணவன் க்ளெனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கெட்டதை என் தலையில் கட்டுகிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாகேஷும் க்ளெனும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். போதாதா?

மறுநாள் அவன் வெட்டி வைத்ததும், எட்டு வளையங்களையும் ஊசிநூலில் வரிசையாகக் கோத்து முடிச்சுப் போட்டுத் தன் டப்பாவில் வைத்தாள். ஸ்ரீராம்புரத்தில் பூ விற்கிற வீட்டுப் பெண்; கோப்பது கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. இனி எவன் மாற்றுகிறான், பார்த்துவிடலாம்!

"மேடம், இந்த நூலு..." என்று நாகேஷ் கிட்டே வந்தான்.

"என் டப்பாவத் தொடாதே. உன் வேலையப் பாரு."

"சரி மேடம். சும்னே எதுக்கு பேஜாரு, எனக்கேன் வம்பு" என்று போய்விட்டான்.

அன்று நூலிலிருந்து உருவி மாட்டிய எட்டும் ஏறின. மறுநாளும் எட்டும். படலத்தைச் சுரண்டிவிட்டே தருகிறான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாதக் கடைசியில் நாகேஷின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். 'வேண்டுமென்றே கெடுக்கிறார்' என்று இரண்டே வரி எழுதி, ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் கிருஷ்ணப்பாவிடம் கொடுத்தாள். இரண்டு குழந்தைக்காரனின் பிழைப்பு அந்த இரண்டு வரியில் மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நாகேஷ் ஒரு வளையம் கூடுதலாக வெட்டியிருந்தான். ஒன்பதாவதைக் கோக்க நூல் போதவில்லை, தட்டிலேயே விட்டாள். எட்டும் வழக்கம்போல் ஏறின. வெறுப்போடு ஒன்பதாவதை மாட்டினாள். பேனா சரசரவென்று இறங்கியது.

அதே எலி. அதே மருந்து பாட்டில். அதே நாகேஷ். நூல் மட்டும் இல்லை.

பருத்தி நூல் உள்ளே போய் வந்து, நகர்த்தும்போதெல்லாம் உரசி, படலத்தை வழித்தெடுத்திருக்கிறது. இத்தனை படித்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? கண்தான் நாகேஷ் மேலேயே இருந்ததே! அவமானத்தில் காது சுட்டது.

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அத சொல்லத்தான் வந்தேன் மேடம்," என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லெட்டர்ல என்ன எழுதினீங்க?"

"நீ வேணும்னே கெடுக்கறேன்னு."

கையைத் துடைத்தான். "அப்ப ஆபீஸ்ல எல்லாரும் இருக்கறப்பவே, அத உங்க வாயால படிச்சு, பொய்னு சொல்லுங்க. நானும் வந்து நிக்கறேன்."

படித்தாள். ஐந்து பேர் கேட்டார்கள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கிருஷ்ணப்பா காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினார்.

திங்கள்கிழமை நாகேஷ் வழக்கம்போல் வந்து, க்ளெனுக்கு எட்டு வளையம் வெட்டி வைத்தான். சங்கமித்ராவின் மேசையில், அவளே வெட்டிக்கொள்ளட்டும் என்று, கத்திரியையும் எலியையும் வைத்துவிட்டுப் போனான்.