தகப்பன் இருக்கிற பையன்

"உனக்கென்ன மைதிலி, தாலியக் கழட்டி ஃபீஸ் கட்டீட்டே."

சொன்ன பிறகுதான் ஜெயசுதாவின் காதிலேயே அந்த வார்த்தை விழுந்தது. கொழுந்தன் மனைவி மைதிலி நிமிரவில்லை. மகள் பிரியங்காவின் சீருடைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், அடுத்ததை எடுத்து இன்னும் நிதானமாக மடித்தாள்.

"கழட்டுனது நானில்லீங்கக்கா. நீங்கெல்லாஞ் சேந்துதான் கழட்டுனீங்க."

காங்கேயம் ரோட்டில் இருக்கும் அந்த ஹாஸ்டல் பள்ளிக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினார்கள். ஜெயசுதாவின் மகன் நித்தீஷ்தான் கூடுதல் மார்க். ஆனால் பள்ளி அறக்கட்டளையின் இலவச இடம் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கு மட்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஜெயசுதா, அரை நாள் லீவு போட்டுப் போய்க் கெஞ்சினாள்.

"அவரு குடிச்சே அழிக்கறாருங்க. ஊட்டுக்கு ஒண்ணுந் தர்றதில்லீங்க."

பள்ளி ஆபீஸ் அம்மா கனிவாகத்தான் கேட்டார். "இருந்தாலும், இருக்காரில்லீங்களா?"

அன்றிலிருந்து வயிறு எரிந்தது. லாரி மோதிச் செத்த கொழுந்தனுக்காக உண்மையாகவே அழுதவள்தான். இப்போது அவன் படத்துக்கு மைதிலி பூ வைக்கும்போதெல்லாம், செத்தும் மகளைப் படிக்க வைக்கிறான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலும் எரிச்சல் வந்தது.

"பெட்டி தூக்க ஒரு கை வேணும், வாங்கக்கா" என்று, பேசிய பேச்சையெல்லாம் மறந்தவள்போல மைதிலி கூப்பிட்டாள். ஜெயசுதா போனது உதவிக்கல்ல; மகனுக்குக் கிடைக்காத ஹாஸ்டல் கட்டிலைப் பார்க்க. பார்த்தாள். மெத்தையை அழுத்தியும் பார்த்தாள்.

பிறகு, இலவச இடம் கொடுக்கும் விழா. அறக்கட்டளைத் தலைவரின் மனைவி, மேடையேற நின்ற தாய்மார்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மைதிலியிடம் நின்றார். அவள் நெற்றியில் இருந்தது, கம்பெனிக்குப் போகும்போது வைக்கிற சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டுதான்.

"போட்டோ எடுக்கறாங்க கண்ணு. பணங் குடுக்கறவங்க பாப்பாங்க. அத எடுத்துரு, வேற மாதிரி நெனச்சுக்குவாங்கல்ல."

மைதிலி மேடையைப் பார்த்தாள். அங்கே பிரியங்கா புதுச் சீருடையில் நின்றிருந்தாள். மைதிலி பொட்டை எடுத்துவிட்டுப் படியேறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கீழே நின்ற ஜெயசுதாவும் தட்டினாள்.

இதற்கா இத்தனை பொறாமைப்பட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இவ்வளவுதானா, இதை நான் கொடுக்க மாட்டேனா என்றுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் இளங்குமரன் படுத்துக் கிடந்தபடியே சோறு கேட்டான். தட்டோடு வந்தவளின் நெற்றியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன்டி, பொட்டெங்க? நான் குத்துக்கல்லாட்ட உசுரோட இருக்கறேன்."

"அதுதானுங்க பள்ளிக்கூடத்துல எடஞ்சல்ங்கறாங்க," என்ற ஜெயசுதா, அவன் சோற்றில் குழம்பை ஊற்றினாள்.