கண்ணாடிக் கூட்டில் ஒரு ரப்பர் வளையம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் துவாரகா அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள்: சிவஞானம் ஆகிய நான், என் மகன் ஸ்ரீதர், மருமகள் அகல்யா, கீழ்வீட்டு அனந்தகிருஷ்ணன், கேட்டில் காவல் இருக்கும் ராம்பீர். என் மனைவி ஜெயலட்சுமி இரண்டாம் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழும் தூரம் என்பதால் அவளையும் சேர்த்து ஆறு பேர். அதற்கு மேல் ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் பிற்பாடு சொன்னவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்கள் அப்போது பால் பூத்தில் இருந்தார்கள், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அகல்யா தன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீதர் பக்கத்தில் நின்று செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள், ஏழு கிலோ எடையுள்ள கருவிப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஜனக்புரிக்கும் பாலமுக்கும் அந்த வண்டியில்தான் போவாள். ஸ்ரீதர் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை விழுந்தவன், அதன்பின் வண்டி ஓட்டுவதில்லை. எங்கே போனாலும் அவள் முன்னால், அவன் பின்னால். தலைநகரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் வளாகத்தில் நாலு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் இவனைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். நான் அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சென்சார்கள் அந்த வண்டியில் உண்டு. காற்றடிக்கும் வால்வின் தலையில் திருகும், சுண்டைக்காய் அளவுள்ள இரண்டு கறுப்பு மூடிகள். உள்ளே பொத்தான் போல ஒரு பேட்டரி. கைப்பிடியில் ஒரு சிறு திரை. மூன்று நாட்களாக அந்தத் திரை வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் கீச் கீச் என்று கத்தியது, பேட்டரி தீர்ந்துபோனது என்று. அன்று அவர்கள் ராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்குப் போய்விட்டு, சரோஜினி நகரில் திரைச்சீலைத் துணி எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது. கிளம்புவதற்குமுன் பேட்டரி மாற்றிவிடலாம் என்று அவள் இறங்கி வந்திருக்கிறாள்.

நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பிப்ரவரி வெயிலுக்கு எல்லோரும் வெளியே வரும் நேரம். அனந்தகிருஷ்ணன் நடைப்பயிற்சி முடித்து வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு மருமகள் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைத் திருகுகிறாள், கட்டியவன் விளக்குப் பிடிக்கிறான். இதை அவர் குடியிருப்போர் சங்கத்தில் எப்படிச் சொல்லுவார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கீழே இறங்கினேன்.

“நகரும்மா. நான் போடுதேன்.”

“பர்வா இல்ல மாமா, ரெண்டு மினிட் வேலை. ஸ்ரீ லைட் புடிச்சா போதும்.”

“எந்திரி. கையெல்லாம் கறுப்பாகுது பாரு.”

அவள் எழுந்து இடம் விட்டாள். ஸ்பேனரை என் கையில் கொடுத்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சிறு சாமான்கள் உருண்டு போய்விடக் கூடாதென்று என் கண்ணாடிக் கூட்டைத் திறந்து தட்டுப் போல வைத்துக்கொண்டேன். முன்சக்கரத்து மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்து, புதியதைப் போட்டுத் திருகினேன். சரியாக வந்தது. பின்சக்கரத்தில் கை வைத்தபோது அனந்தகிருஷ்ணன் வந்து நின்றார்.

“என்ன சிவஞானம் சார், ரிடையர் ஆனப்புறம் ஒர்க்‌ஷாப் தொறந்துட்டேளா? மாட்டுப்பொண்ணுதான் மெக்கானிக்னு நெனச்சேன்.”

“நம்ம வீட்டு வேலைய நாமதான் பாக்கணும்” என்றேன். அவரைப் பார்த்துத்தான் பேசினேன். கை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. ராம்பீரும் கேட்டை விட்டு வந்து எட்டிப் பார்த்தான். சட்டென்று முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அகல்யா சாவியைப் போட்டுத் திரையைப் பார்த்தாள். “மாமா, முன்னாடி இருபத்தொம்பது காட்டுது. பின்னாடி வெறும் கோடுதான் வருது.”

“புதுசு போட்டா வண்டி ஓடுனப்புறம்தான் காட்டும். பேட்டரிகூட வந்த தாள்லயே போட்டிருக்கு.”

“ஒருவாட்டி கேஜ் வச்சுக் காத்துப் பாத்துக்கறேனே. மேலதான் இருக்கு.”

“நான்தான் போட்டிருக்கேன்லா? கிளம்புங்க, நடை சாத்திருவான்.”

அவள் ஒரு கணம் கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அனந்தகிருஷ்ணனும் நின்றுகொண்டிருந்தார். “அச்சா” என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டினாள்.

பகல் ஒன்றரை மணிக்கு மோதி பாக் மேம்பாலத்தில் இறங்கும்போது பின்சக்கரம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்ரீதருக்குக் காறை எலும்பு முறிந்தது. அவளுக்கு முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் போயிற்று. பின்னால் வந்த கார்க்காரன் சமயத்தில் பிரேக் பிடித்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பின் டயர்ல ஹவாவே இல்ல, காத்து மொத்தமா போயிடுச்சு. செக் பண்ணாம எடுத்துட்டேன். என் தப்பு.” என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

மறுநாளே வளாகத்தில் கதை நடக்கத் தொடங்கியது. எண்பதில் போனாள் என்றார்கள். வழியில் புருஷனோடு சண்டை போட்டுத் திரும்பித் திரும்பிப் பேசினாள் என்றார்கள். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று ஒருத்தர். நாலாம் நாள் அனந்தகிருஷ்ணன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஸ்ரீதரைப் பார்க்க வந்தார். “நான் அன்னிக்கே நெனச்சேன் சார். கேட்டத் தாண்டறச்சே ஒரு வேகம் பாத்தேளோ? அவ்ளோ பெரிய வண்டி பொம்மனாட்டி கைக்கு அடங்குமா?” அகல்யா தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். கையில் கட்டு. அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும். ‘மாமாதான் கிளம்பச் சொன்னாங்க.’ அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். “எல்லாம் நேரம்” என்று பொதுவாகச் சொல்லி ஆப்பிளை வாங்கி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். “வித்துடலாம் மாமா. எனக்குக் கை நடுங்குது.” மறுநாளிலிருந்து பஸ்ஸிலும் ஈ-ரிக்‌ஷாவிலும் போய்வந்தாள். ஆறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளால் மூன்று பேரைத்தான் பார்க்க முடிந்தது. கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய கையின் உறுதியைப் பெண் பார்க்கப் போன அன்றே நான் கவனித்திருக்கிறேன். தட்டை நீட்டியபோது தம்ளரில் ஒரு சலனமில்லை. இப்போது அதே கை சாவியைப் பார்த்தால் பின்வாங்கியது.

ஆறாம் நாள் பேப்பர் படிக்கக் கண்ணாடியை எடுத்தேன். கூட்டின் அடியில், கருநீல வெல்வெட்டில் ஒட்டியபடி ஒரு கறுப்பு வளையம் கிடந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நூல் பிசிறு என்று தட்டிவிடப் போனவன் விரலில் எடுத்தேன். ரப்பர்.

அதை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு மெட்ரோவில் கரோல் பாக் போனேன். விபத்து நடந்த இடத்தில் யாரோ கழற்றிக் கொடுத்த அந்தப் பின்சக்கரத்து மூடியும் சட்டைப்பையில் இருந்தது. எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் தெருவில் ஒரு சர்தார்ஜியின் கடை. வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், இதைப் போடாமல் மூடியைத் திருகினால் மூடி வால்வை அழுத்திக்கொண்டே இருக்கும், காற்று மெல்ல மெல்ல வெளியே போகும், நாலைந்து மணி நேரத்தில் டயர் தொய்ந்துவிடும் என்று இந்தியில் விளக்கினார். காற்று இறங்கினால் திரை கத்தாதா என்று கேட்டேன். அவர் மூடியைத் திறந்தார். சிரித்தார். “தேகோ அங்கிள்ஜி, செல் பீ உல்டா!” பேட்டரி தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. அதனால்தான் கோடு. “கிஸ் மிஸ்திரி நே கோலா தா?” எந்த மெக்கானிக் திறந்தான் என்று கேட்டார்.

“கோயி தா” என்றேன். எவனோ ஒருத்தன்.

முப்பத்தாறு வருஷம் மத்திய அரசுக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். தவறு என்று மேலிடத்திலிருந்து ஒரு தாள் திரும்பி வந்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம், இனி ஒருநாளும் பார்க்கப் போகாத ஒருவரிடம்கூட, ‘நான்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று அன்று படியிறங்கினேன். தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணை எழுப்பிவிட்டதைத் தவிர அதில் நான் காப்பாற்றியது என்ன என்று யோசித்தேன். அவள் இரண்டு வருஷமாக அந்த மூடிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். ஒருமுறைகூடக் காற்று இறங்கியதில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜெயலட்சுமி மோர் ஊற்றியபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அவ கேஜ் எடுத்துட்டு வாரேன்னு சொன்னா. நான் மேல நின்னு கேட்டேன்லா. இத்தன பேர் இத்தன சொல்லுதாங்க, அவ வாயில அது ஒருவாட்டி வந்துச்சா? உங்க மகன்கிட்டகூடச் சொல்லல.”

“நீயும் சொல்லலியே?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருக்கேன்.” மோர்ச் செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதே அகல்யாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஸ்ரீதரின் அறைவாசல் வரை போனேன். உள்ளே அவள் அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், கட்டுப் போட்ட கையை முதலில் நுழைத்து, பிறகு மற்றதை. ஏதோ சொல்லி அவனைச் சிரிக்க வைத்தாள். திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பார்க்க ஆள் வந்தான். அனந்தகிருஷ்ணன் ஏற்பாடு. சென்ற வாரம் இருந்த அதே ஆறு பேர், அதே இடம். ஸ்ரீதர் தோள்கட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஜெயலட்சுமி இந்த முறை கீழே வந்து நின்றாள். வந்தவன் சைலன்சரில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்து, வண்டி அடிபட்டதா என்று கேட்டான்.

“லேடீஸ் சலா ரஹீ தீ”, பெண்பிள்ளை ஓட்டினாள் என்றார் அனந்தகிருஷ்ணன், அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல. வந்தவனும் தலையாட்டினான். அகல்யா வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“வண்டி விற்பனைக்கு இல்லை” என்றேன். ராம்பீருக்கும் வந்தவனுக்கும் புரிய வேண்டுமென்று இந்தியில் சொன்னேன். அனந்தகிருஷ்ணன் சரியாகக் கேட்கவில்லை என்று பிற்பாடு சொல்லிவிடக் கூடாதென்று தமிழிலும் சொன்னேன். “இவ ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. பேட்டரியத் தலைகீழாப் போட்டது நான். ரப்பர் வளையத்தப் போட மறந்தது நான். காத்துப் பாத்துட்டுப் போறேன்னு இவ கேட்டா. வேண்டாம்னு அனுப்புனதும் நான்தான். இங்க நின்ன எல்லாரும் கேட்டீங்க.”

அனந்தகிருஷ்ணன், “வயசான காலத்துல... யாருக்கும் ஆகறதுதானே சார்” என்றார்.

“வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றேன்.

ஸ்ரீதர் என்னையே பார்த்தான். அவன் தோள்கட்டுக்கு நான் சொல்ல வேண்டியது தனியாக ஒன்று இருக்கிறது, அதை இன்னும் சொல்லவில்லை. அகல்யாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. நிம்மதியுமில்லை, கோபமுமில்லை. காகிதங்களை ஜெயலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் புண் இழுத்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தாள்.

“ஸ்பேனர் குடுங்க மாமா. அத்தை, என் ரூம்ல கேஜ் இருக்கு, ஜரா எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவை நான் பாப்பேன்.”

கொண்டுவந்திருந்த ஸ்பேனரைக் கொடுத்து, கண்ணாடிக் கூட்டைத் திறந்து அவளருகே தாழ்த்திப் பிடித்தேன். மூடி, புதுப் பேட்டரி, வளையம் எல்லாம் அதில் இருந்தன. பால் வாங்கப் போகிறவர்கள், குழந்தையோடு வெயில் காய வந்தவர்கள், ஒவ்வொருவராக நின்றார்கள். நின்று பார்க்கட்டும் என்று விட்டேன். அவள் மூடியை இரண்டு முறை கைநழுவ விட்டாள். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டாள்.

இனி ஒன்றே ஒன்று. அன்று எல்லோர் முன்னாலும் நான் மருமகள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கூட்டிலிருந்து வளையம் தவறி அவள் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். மிகச் சிறியது, கண்ணாடியும் போட்டிருக்கவில்லை, தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.