பொத்தல் கல் என்று சொன்னேன்

மணல் ஆசைதான் என்னை மாட்டிவிட்டது. பெரிய பாறைக்கு அடியில்தான் நல்ல மணல் தங்கும். எங்கள் ஆற்றில் எல்லோரும் அதைக் குடைவோம், திட்டு வாங்குவோம், மறுநாளும் குடைவோம். அன்று நான் பொந்துக்குள் முழுசாக நுழைந்திருந்த நேரம் பார்த்து மேலே இருந்த பாறை சறுக்கி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. ஒரு கை நுழையும் இடுக்குதான் மிச்சம். முட்டியை மடக்கி, கன்னம் கல்லில் ஒட்டிக் கிடந்தேன்.

"வார்ஸி அம்மா! உசுரோட இருக்கியா?" என் புருஷன் கியோனோ கத்தினார்.

"செத்திருந்தா பதில் சொல்லுவேனா? கல்லை எடுங்க!"

கடப்பாரையால் நெம்பினார். பாறை என் பக்கமே நகர்ந்து நெஞ்சை அழுத்தியது.

"ஐயையோ, நெம்பாதீங்க! நசுங்கிடுவேன்!"

"அப்போ பொளந்துதான் எடுக்கணும். என்ன கல்லுன்னு சொல்லு."

பிளப்பது அவர் வேலை, கல்லைப் பார்த்துச் சொல்வது என் வேலை. மெராபி எரிமலையை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், தாத்தா என்போம். தாத்தா கக்கிய குழம்பு சட்டென்று ஆறினால் குமிழிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டு பொத்தல் கல்லாகிவிடும். அதில் ஆப்பு அடித்தால் பொடியுமே தவிரப் பிளக்காது. கொஞ்சம் நிதானமாக ஆறினால் கெட்டிக் கல், நேராகப் பிளக்கும். ஒரே பாறையில் தோல் பொத்தலாகவும் உள்ளே கெட்டியாகவும் இருப்பதுண்டு. வெளியே நின்றவருக்குத் தெரிந்தது தோல். என் கன்னத்தில் உரசியது உடைந்த உள்பக்கம், ஒரு பொத்தல்கூட இல்லை.

கெட்டிக் கல் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலூரில் மூங்கிலைப் படபடவென்று தட்டினார்கள். உச்சியில் மழை. சேறும் பாறையுமாக ஆறு இறங்கி வருகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் கரைக்கு ஓடும் சத்தம் கேட்டது. குழி வெட்டி ஆப்பு இறக்க நேரமாகும். இந்த மனுஷன் நின்றால் எங்கள் பிள்ளை வார்ஸிக்கு அப்பாவும் இருக்க மாட்டார்.

"பொத்தல் கல்லுங்க. பொளக்காது. போயிடுங்க."

வெளியே சத்தமே இல்லை. கல் விஷயத்தில் அவர் என் பேச்சைத் தட்டியதே கிடையாது. போய்விட்டார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொங்கியது. போகச் சொன்னவளே நான்தான்.

ணங்!

சம்மட்டி அடி என் பல்வரை அதிர்ந்தது. பொத்தல் கல் 'தொத்' என்றுதான் சொல்லும்.

"பொத்தல் கல்லு இப்படித்தான் கணகணக்குமாடி?"

"போங்கன்னா போங்களேன்! புள்ளைக்கு ஒருத்தராவது வேணும்!"

"கத்தாத. கல்லோட ரேகை எந்தப் பக்கம் ஓடுது? இதுலயும் பொய் சொன்னா ரெண்டு பேரும் காலி."

இருட்டில் விரலால் தடவினேன். "மேல உங்க இடது கைப் பக்கத்துலேருந்து கீழ என் முட்டிக்கு."

அந்த ரேகையில் குழி வெட்டி, ஆப்பை இறக்கி அடித்தார். வாயெல்லாம் கல்தூள். முதுகுக்குக் கீழே தரை கடகடக்க ஆரம்பித்தது, அவர் அடி நிற்கவில்லை. திடீரென்று கண்ணில் வெளிச்சம் அடித்தது. ஒரு பாதி வெளிப்பக்கம் சாய்ந்தது. முடியோ கையோ, அகப்பட்டதைப் பிடித்து என்னை இழுத்தார்.

நாங்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் மறுபாதிப் பாறை, பொந்து, மணல், எங்கள் சோற்று மூட்டை எல்லாவற்றையும் சேறு வாரிக்கொண்டு போனது.

அவர் என்னை அடிக்க வருவதுபோல் பார்த்தார்.

"இனிமே கல்லைப் பத்தி நீ சொல்ற எதையும் நம்ப மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"நம்பாதீங்க," என்றேன்.